கலவையான போர்ட்ஃபோலியோ: பதில்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் ஆறு வருஷம் கல்யாணப் பத்திரிகையும் தைப்பூசக் காவடிச் சுவரொட்டியும் வடிவமைத்தீர்கள், அப்புறம் எபேனில் வங்கியில் வடிவமைப்பு வேலை. இந்தப் போர்ட்ஃபோலியோவை, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பை, எடுத்துக்கொண்டு மறுபடி விளம்பர நிறுவனத்துக்குப் போனால் 'என்ன இந்தக் கலவை' என்பார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அச்சகம், ஓட்டல் மெனு, காப்பீட்டு ஆண்டறிக்கை என்று சுற்றியவன்தான்.

வங்கி வேலையை ஒளிக்காதீர்கள். 1998-இல் நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி, எதிர்ப்பு கிளம்பி, நோட்டையே திரும்பப் பெற்றார்களே! ஒரு வரியின் இடம் என்ன பாடுபடுத்தும் என்று வங்கியில் இருக்கும் உங்களுக்கா தெரியாது? ஒரே ஒரு படிவத்தை எடுங்கள்: பழையது, நீங்கள் மாற்றியது, ஏன் மாற்றினீர்கள், மூன்றையும் காட்டுங்கள். காவடிச் சுவரொட்டி இரண்டு போதும். கல்யாணப் பத்திரிகைகளா? நான் பதினாறு வைத்தேன். பார்த்தவர் மூன்றாவதிலேயே கொட்டாவி விட்டார்.