கியர் கடிக்கிறதா? கியர்பாக்ஸைக் கழற்றும் முன் பெல்ட் மூடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் மில்டுரா பக்கம் ஒரு பாதாம் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். உரம், குழாய், கருவிகள் ஏற்றிப்போக ஐந்து வருடம் பழைய சைடு பை சைடு வண்டி (பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகும் சிறிய நாலு சக்கரத் தோட்ட வண்டி) ஒன்று வைத்திருக்கிறோம். பெல்ட்டில் ஓடும் வண்டி. பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், லோ, ஹை என்று ஒரே லீவர். மே மாதம் புது பெல்ட் போட்டோம். அதன் பிறகுதான் தொல்லை. நியூட்ரலில் இருந்து ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கடிக்கிறது. ஹையில் நின்றால் நியூட்ரலுக்கு எடுக்கவே வரவில்லை, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருக்கிறது. காலையில் மிக மோசம். என்ஜினை அணைத்துவிட்டால் சுலபமாக விழுகிறது. பட்டறையில் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள், பெரிய தொகை சொல்கிறார்கள். பிரிக்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடையில் பாதி இருக்கிறது. என்ஜின் ஓடும்போது விழாத கியர், அணைத்ததும் சுலபமாக விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே கியரைத் தள்ளும் கவை, அதாவது ஃபோர்க், வளைந்த கியர்பாக்ஸ், என்ஜினை அணைத்தாலும் முரண்டு பிடிக்கும். உங்களுடையது அப்படிச் செய்யவில்லை. புது பெல்ட் போட்ட பிறகு தொடங்கியது என்பது இரண்டாவது துப்பு.

இந்த வண்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே காரணத்தைப் பிடித்துவிடுவீர்கள். ஊரில் கியர் இல்லாத ஸ்கூட்டரின் பெல்ட் அறையைத் திறந்து பார்த்திருப்பீர்கள். முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவே பெல்ட். இதுவும் அதே குடும்பம்தான். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஸ்கூட்டரில் கிளட்ச் பின் புல்லியை ஒட்டி இருக்கிறது, அதனால் என்ஜின் ஓடினாலே பெல்ட்டும் ஓடும். உங்கள் மாதிரி வண்டிகள் பெரும்பாலானவற்றில் என்ஜின் பக்கத்துப் புல்லியே கிளட்ச். அதைப் பிரைமரி என்பார்கள். ஐடிலிங்கில், அதாவது மிதியைத் தொடாமல் என்ஜின் சும்மா ஓடும்போது, அதன் இரண்டு தட்டுகளும் விலகி நிற்கும், பெல்ட் நடுவே தளர்வாகக் கிடக்கும், என்ஜின் ஓடினாலும் பெல்ட் நகராது. மிதியை அழுத்தினால் உள்ளே இருக்கும் எடைகள் விரிந்து, தட்டுகளை நெருக்கி, பெல்ட்டைக் கவ்வும். பெல்ட் செகண்டரி எனும் பின் புல்லியைச் சுழற்றும், செகண்டரி கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டைச் சுழற்றும்.

அந்தக் கியர்பாக்ஸில் கார் மாதிரி, இரண்டு பக்கத்தின் வேகத்தையும் சமப்படுத்தித் தரும் சிங்க்ரோமெஷ் கிடையாது. ஒரு பக்கம் தடித்த பற்கள், எதிர்ப்பக்கம் அவை போய் உட்காரப் பள்ளங்கள், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஏறக்குறைய அசையாமல் நின்றால்தான் பல் பள்ளத்தில் விழும். வண்டி நின்றுவிட்டதால் சக்கரத்தின் பக்கம் நிற்கிறது. பெல்ட் பக்கம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

ஐடிலிங்கிலேயே பெல்ட் கொஞ்சம் இழுபட்டால் என்ன ஆகும்? நியூட்ரலில் அந்தத் தண்டு சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். ரிவர்ஸ் போடும்போது சுற்றுகிற பல்லும் நிற்கிற பள்ளமும் உரசும், உங்களுக்குக் கரகர சத்தம் கேட்கும். ஏற்கெனவே ஹையில் இருந்தால், பெல்ட் பல்லை விடாமல் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அழுத்தத்தில் இருக்கும் பல் பள்ளத்தை விட்டு வராது. நீங்கள் இரண்டு கையாலும் இழுப்பது அதனால்தான். நுழையும்போது கடிப்பதும், வெளியே வர மறுப்பதும் இரண்டு நோய் மாதிரித் தெரியும். வேர் ஒன்றுதான்.

இதை உறுதிசெய்ய ஒரு சோதனை. சமதளத்தில், முன்னால் ஆளோ மரமோ இல்லாத இடத்தில், என்ஜின் நன்றாகச் சூடான பிறகு பிரேக்கை மிதித்துக்கொண்டு லோ போடுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மெல்ல விடுங்கள். வண்டி தானாக நகர்ந்தால் பெல்ட் இழுபடுகிறது. சில மில்லிமீட்டர் அசைந்து நின்றுவிட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

சரி, பெல்ட் ஏன் இழுபடுகிறது? உங்கள் விஷயத்தில் மூன்று இடங்களைப் பார்ப்பேன்.

முதலில் அந்தப் புது பெல்ட்டேதான். நிறுவனத்துப் பெல்ட்டா, வெளிச்சந்தைப் பெல்ட்டா? வெளியில் கிடைப்பவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் அகலம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும், நீளம் கொஞ்சம் குறைந்தாலும், பெல்ட் பிரைமரியின் தட்டுகளுக்கு நடுவே தளர்வாகக் கிடக்காமல் இறுகி உட்காரும். பழைய பெல்ட் தேய்ந்து ஒல்லியாகியிருந்ததால் அளவில் இருந்த பிழை இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கலாம். புதிது போட்டதும் வெளியே வந்துவிட்டது. சாவியை எடுத்துவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, என்ஜின் ஆறிய பிறகு பெல்ட் மூடியைத் திறங்கள். இரண்டு புல்லிக்கும் நடுவே பெல்ட்டின் மேல் ஒரு நேரான பட்டையை வையுங்கள். நடுவில் விரலால் அழுத்தி, பட்டைக்கும் பெல்ட்டுக்கும் இடையே எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். பல மாடல்களில் இது இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் வரை இருக்கும். உங்கள் மாடலின் சரியான அளவு கையேட்டில் இருக்கும், அதைத்தான் நம்ப வேண்டும். குறைவாக இறங்கினால் பெல்ட் இறுக்கம். சில வண்டிகளில் செகண்டரியில் இதற்கென்றே ஒரு ஸ்க்ரூ உண்டு, சிலவற்றில் ஷிம் எனும் மெல்லிய தகட்டு வளையம் சேர்த்தோ எடுத்தோ சரிசெய்ய வேண்டும். பெல்ட் மாற்றியவர் இந்த அளவைப் பார்த்தாரா என்று கேளுங்கள். பெல்ட்டை மாட்டிவிட்டு மூடியைப் போட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது, பிரைமரியின் உள்பக்கம். பாதாம் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. மரத்தை உலுக்கும் இயந்திரமும் கூட்டித் தள்ளும் இயந்திரமும் கிளப்புகிற புழுதியில்தான் உங்கள் வண்டியும் ஓடியிருக்கும். அந்தப் புழுதியும் பழைய பெல்ட்டின் கறுப்புத் தூளும் சேர்ந்து, நகர வேண்டிய தட்டைப் பாதி வழியில் நிறுத்திவிடும். ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தாலும் இதேதான், தட்டு முழுதாக விலகாது. காற்றால் ஊதி, தட்டுகளின் முகத்தைப் பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடையுங்கள். கிரீஸும் எண்ணெயும் அந்தப் பக்கமே போகக் கூடாது. பெல்ட்டும் புல்லியும் உலர்ந்து இருந்தால்தான் வேலை செய்யும். ஊதும்போது முகத்தில் கட்டாயம் மாஸ்க் போடுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பெல்ட் அறைக்குக் காற்று கொண்டுவரும் குழாயின் வடிகட்டியையும் அதே நேரத்தில் தட்டிவிடுங்கள். என்ஜின் பிரேக்கிங் உள்ள சில மாடல்களில் பிரைமரியின் நடுவே, பெல்ட் உட்காரும் இடத்தில், ஒருவழி பேரிங் ஒன்று இருக்கும். அதைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு திசையில் தடையில்லாமல் ஓட வேண்டும், எதிர்த் திசையில் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் இறுகினால் அதுதான் குற்றவாளி.

மூன்றாவது, ஐடிலிங். காலையில் மிக மோசம் என்றீர்கள். ஜூலையில் உங்கள் ஊரில் விடியற்காலை வெப்பம் நாலைந்து டிகிரிக்கு இறங்குகிறது. குளிர்ந்த என்ஜினை, எரிபொருள் ஊசி அமைப்பு தானாகவே அதிக ஆர்பிஎம்மில் ஓட்டும். சூடான பிறகு 1,200 சுற்றில் நிற்கும் என்ஜின், அப்போது பிரைமரி கவ்வத் தொடங்கும் வேகத்தை நெருங்கிவிடும். பெல்ட்டும் இறுக்கமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஸ்டார்ட் செய்து, ஆர்பிஎம் இறங்கி நிற்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், பிறகு கியர் போடுங்கள். சூடான பிறகும் ஐடிலிங் கையேட்டு அளவைவிட உயர்ந்தே நின்றால், ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபட்டு நிற்கிறதா, த்ராட்டில் அறையில் அழுக்கா, எங்காவது காற்றுக் கசிவா என்று பாருங்கள்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால், அப்புறம் கேபிளுக்கு வாருங்கள். கியர்பாக்ஸின் மேல் ஒரு சிறிய கை இருக்கும், லீவரிலிருந்து வரும் கேபிள் அதில்தான் மாட்டியிருக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு, என்ஜின் அணைந்த நிலையில் அந்தக் கையை நேரடியாக அசையுங்கள். ஒவ்வொரு கியரிலும் தெளிவாக டக், டக் என்று உட்கார்ந்தால் கியர்பாக்ஸ் நலம். எங்காவது நடுவில் முட்டினால் வண்டியை அரை அடி உருட்டிவிட்டு மறுபடி முயலுங்கள், பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றிருக்கலாம். கேபிள் கழன்ற நிலையில் உள்ளே லீவர் கனமாக இருந்தால், கேபிளுக்குள் துரு அல்லது சேறு, இல்லையென்றால் சைலன்சர் சூட்டில் உறை உருகியிருக்கும். அந்தக் கேபிளுக்கு எண்ணெய் ஊற்றிப் பிழைக்க வைப்பதைவிட மாற்றுவதே நல்லது. மாட்டும்போது லீவரையும் கியர்பாக்ஸ் கையையும் நியூட்ரலில் வையுங்கள். இணைக்கும் பின், தள்ளாமல் இழுக்காமல் தானாக ஓட்டைக்குள் போக வேண்டும். போகும்வரை கேபிளின் நட்டைத் திருகிச் சரிசெய்யுங்கள்.

இந்த அளவு சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் கியர்பாக்ஸ் உண்மையிலேயே கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. கேபிள் கொஞ்சம் குறைவாக இழுத்தால் பல் பள்ளத்தில் பாதிதான் உட்காரும். பாரத்தோடு மேடேறும்போது அந்தப் பாதி விளிம்பிலேயே முழு விசையும் விழும். விளிம்பு மழுங்கும். மழுங்கிய பல் பாரத்தில் தானாக வெளியே குதிக்கும். லோவில் மேடேறும்போது டக்கென்று நியூட்ரலுக்குப் போய்விடுகிறது என்று யாராவது சொன்னால், அந்த வண்டியை அன்றே நிறுத்திவிடச் சொல்வேன். சரிவில் பாரத்தோடு பின்னோக்கி உருளும் வண்டி ஆளைக் கொல்லும்.

கேபிளோடு என்ஜின் மவுண்டுகளையும் பாருங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு வண்டியின் கியர்பாக்ஸை இரண்டு நாள் செலவழித்துப் பிரித்தேன். உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. மறுபடி மாட்டும்போதுதான் ஒரு ரப்பர் மவுண்ட் கிழிந்து தொங்குவதைப் பார்த்தேன். என்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து, இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் இல்லாமல் பெல்ட் கோணலாக உரசிக்கொண்டிருந்தது. அந்த விவசாயியின் பணத்தையும் இரண்டு நாளையும் நான் வீணாக்கினேன். அன்றிலிருந்து கியர்பாக்ஸில் கை வைக்குமுன், கம்பியால் என்ஜினை மெல்ல நெம்பி மவுண்டைப் பார்க்காமல் விடுவதில்லை.

கியர்பாக்ஸ் எண்ணெயையும் வடித்துப் பாருங்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். நகத்துணுக்கு அளவில் உலோகச் சில்லுகள் இருந்தால் பட்டறைக்காரர் சொல்வது சரி, பிரிக்கத்தான் வேண்டும். எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, கியர்பாக்ஸுக்குக் காற்றுப் போய்வரும் மூச்சுக்குழாயைத் தேடிப் பாருங்கள்.

உங்கள் தோட்டத்தில் வேறு வண்டிகளும் இருக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. மேலே சொன்னது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. யமஹா ரைனோ போன்றவற்றில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும், எண்ணெயில் நனைந்த தனி கிளட்ச் ஒன்று உண்டு. அதில் குளிர்ந்த கெட்டி எண்ணெயும் பொருந்தாத கார் எண்ணெயும்தான் இழுப்புக்குக் காரணமாகும். ஹோண்டா பயனியர் 1000 வண்டியில் பெல்ட்டே கிடையாது. குபோட்டாவின் ஆர்டிவி 900 ஹைட்ரோஸ்டாட்டிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் ஓடுவது. மிதி சரியாக நடுநிலைக்குத் திரும்பாவிட்டால் அதில் லீவர் இறுகும்.

ஓட்டும் பழக்கமும் இதில் சேரும். சரிவில் வண்டியை நேராகப் பார்க்கில் போட்டுவிட்டு இறங்கினால் மொத்த எடையும் ஒரு சிறிய பல்லின் மேல் தொங்கும், திரும்ப எடுக்கும்போது லீவர் வராது. கால் பிரேக், பிறகு நியூட்ரல், கை பிரேக் இருந்தால் அதை இழுத்து, வண்டி அதில் நின்ற பிறகு பார்க். எடுக்கும்போது முதலில் கால் பிரேக்கை அழுத்தமாக மிதியுங்கள். நாலு சக்கர இழுவையிலும், இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் டிஃப் லாக்கிலும் வண்டி முறுக்கிக்கொண்டு நின்றால் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டினால் லீவர் விடும். கியர் மாற்றும்போது மெல்லத் தடவிப் பார்க்கக் கூடாது. வண்டி முழுதாக நின்று, ஆக்ஸிலரேட்டரை விட்டு ஒன்றிரண்டு நொடி கழித்து, ஒரே வீச்சில் உறுதியாகத் தள்ளுங்கள். தயங்கித் தயங்கித் தள்ளுவதுதான் பல்லின் முனையை அரைக்கிறது. உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இதைக் காட்டிக்கொடுங்கள், ஐந்து பேர் ஓட்டும் வண்டியில் ஒருவர் அரைத்தாலும் போதும்.

பெல்ட்டைச் சரிசெய்யும்வரை வண்டி வேண்டும் என்றால், சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்து, என்ஜினை அணைத்துவிட்டே கியர் மாற்றுங்கள். சத்தத்தோடு கட்டாயப்படுத்திப் போட வேண்டாம், டிரெய்லர் இழுக்கவும் வேண்டாம். பட்டறைக்குப் போன் செய்யும்போது கியர்பாக்ஸ் என்று சொல்லாமல், பெல்ட் இறக்கத்தை அளந்து, பிரைமரியைச் சுத்தம் செய்து, ஐடிலிங் பார்த்துத் தரச் சொல்லுங்கள். அது அரை நாள் வேலை.