கீல் ஆடணும், பசை ஓடக் கூடாது

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். கேட்பவரை அவரவர் ஊர்ப் பெயரால் குறிக்கிறேன். கார், விமானம், ரயில் இவற்றின் சின்ன மாடல் செய்யும் பிளாஸ்டிக் கிட்டில் அசையாமல் வரும் கதவு, கால், தண்டு இவற்றை நாமே செய்து அசைய வைப்பது பற்றிக் கேளுங்கள். என்ன நிறம் அடிப்பது என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு ஆள் வேறு.

ஃபீனிக்ஸ் தம்பி: 1/24 கார், அதாவது நிஜத்தில் 24-இல் ஒரு பங்கு. கதவை அறுத்து எடுத்துவிட்டேன். கீல் எப்படிச் செய்வது அண்ணா?

மருந்துக்கடையில் 25 கேஜ் (தடிமன் எண்) ஊசி வாங்குங்கள், புதியதாக. வெளி விட்டம் அரை மில்லிமீட்டர், உள்ளே கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கிட்டாரின் மெல்லிய கம்பி 0.23 மி.மீ.; வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், அதுதான் கீலின் அச்சு. ஊசிக் குழாயைக் கட்டிங் பிளேயரால் வெட்டினால் வாய் நசுங்கிவிடும். மெல்லிய அரத்தால் சுற்றிலும் கீறி ஒடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துண்டு தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும். மூன்று துண்டு போதும்: மேலும் கீழும் உடம்பில், நடுவிலுள்ளது கதவில். அலமாரிக் கீல் மாதிரிதான்.

அச்சு எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். கதவுத் தகட்டுக்கு நேர் உள்ளே வைத்தால், திறக்கும்போது கதவின் முன் விளிம்பு மட்கார்டில் இடிக்கும். கீல் வெளியே தெரியும் பழைய கார்களில் இந்தத் தொல்லை இல்லை. மற்றவற்றுக்குக் கம்பியைக் கொக்கி போல வளைத்து, அச்சை மட்கார்டின் மறைவுக்குள் கொண்டுபோங்கள். விளிம்பு வெளியே நகர்ந்து தப்பிக்கும்.

அப்புறம் பெயின்ட். ஒவ்வொரு பூச்சும் இடைவெளியைத் தின்னும். பொருத்தும்போது சந்தில் இரண்டு ஜெராக்ஸ் தாள் நுழைய வேண்டும். அது 0.2 மி.மீ.; நிஜக் காரில் ஏறக்குறைய 5 மி.மீ.

தோங்காட்: எனக்குக் கீல் ஒட்டிக்கொண்டது.

தண்ணீர் போன்ற பசையைப் போட்டிருப்பீர்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அது சந்துக்குள் ஏறிவிடும். கம்பி மேல் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டு, கெட்டியான சூப்பர் க்ளூவைக் குண்டூசி முனையில் ஒரு பொட்டு வையுங்கள். அசையும் இடத்துக்குப் பக்கத்தில் நீர்ப்பசை கூடவே கூடாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: 1/48 விமானத்தின் சக்கரக்கால் உள்ளே அழுந்த வேண்டும்.

21 கேஜ் ஊசியின் வெளி விட்டம் 0.82 மி.மீ., 18 கேஜின் உள் விட்டம் 0.84. ஒன்றுக்குள் ஒன்று போகும். ஸ்பிரிங் தேடாதீர்கள், அந்த எடைக்கு அது அழுந்தாது. ஸ்பான்ஜ் துணுக்கு போதும்.

லெனேஷியா: டர்பன்–கேட்டோ ரிட்ஜ் பாதையில் ஓடிய ஜி.எல். காரட் நீராவி ரயில் எஞ்சினை பிளாஸ்டிக் தகட்டில் செய்கிறேன். 1/87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. சக்கரங்களை இணைக்கும் தண்டுகள் இரண்டு சுற்றில் இறுகிவிடுகின்றன.

கறிக்குப் போடும் கேரட் இல்லை, 1929-இல் மான்செஸ்டரில் செய்யத் தொடங்கிய ராட்சசன். ஒரே பாய்லருக்கு இரண்டு எஞ்சின், ஒவ்வொன்றிலும் நான்கு ஜோடி ஓட்டுச் சக்கரம். இடது பக்கக் கிராங்கும் (சக்கரத்தில் தண்டு மாட்டும் முனை) வலது பக்கக் கிராங்கும் 90 பாகை விலகி நிற்க வேண்டும், நான்கு அச்சிலும் அதே அளவு. ஒன்று பிசகினாலும் இறுகும். முன் எஞ்சினையும் பின் எஞ்சினையும் தனித்தனியே சரிபாருங்கள், இரண்டுக்கும் தொடர்பில்லை. தண்டைப் பிளாஸ்டிக்கில் செய்தால் துளை முட்டை வடிவமாகிவிடும். இரண்டு பித்தளைத் தகட்டைச் சேர்த்துப் பற்றவைத்து, ஒரே துளையாகப் போட்டுப் பிரியுங்கள்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: 16.5-ஐ 87-ஆல் பெருக்கினால் 1435 மி.மீ. நம் ஊர்ப் பாதையின் இடைவெளி 1067!

லெனேஷியா: நாலு மில்லிமீட்டர் யார் கண்ணில் படும் அண்ணா?

என் கண்ணில் படும். அந்த நாலு மில்லிமீட்டர் நிஜத்தில் ஓர் அடிக்கு மேல். சக்கர இடைவெளி அகலமானால் தண்டு, சிலிண்டர் எல்லாம் வெளியே தள்ளும். அசைவு நிஜம், அசைகிற பொருள் பொய்.

கிளேர்வுட்: 1/64-இல் செய்தால் 16.5 சரியாகுமே?

ஆகும், 1056 வரும். 11 மி.மீ. குறைவை மன்னிக்கலாம்.

லெனேஷியா: என்னிடம் இருக்கும் ரயில் பெட்டிகள் எல்லாம் 1/87. தூக்கிப் போடவா?

வேண்டாம். எஞ்சினுக்கு மட்டும் 12 மி.மீ. இடைவெளியில் சக்கரம் போட்டு, காட்சிக்குத் தனியாக நிறுத்துங்கள். பெட்டிகள் ஓடட்டும்.

லெனேஷியா: ஓடாத எஞ்சினுக்குத் தண்டு எதற்கு அசைய வேண்டும்?

சரி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. விரலால் தள்ளிப் பார்க்கத்தான்.

வெருலம்: அண்ணா, கதவுக் கீல் ஒட்டிக்கொண்டது...

தோங்காட்டுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஐசிபிங்கோ: ஒட்டிய கீலை எடுப்பது எப்படி?

பென்சில் தேய்த்தீர்களா? இல்லையா? அப்படியென்றால் ஊசி ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.