வாசகர் கேள்வி – பதில்: சிற்றூருக்கு வந்து சேரும் அகதிப் பெண்கள்

கேள்வி: அகதிகளாக வரும் குடும்பங்களைப் பெருநகரத்தில் அல்லாமல் சிற்றூரில் குடியமர்த்தினால், பெண்களுக்கு அமைதியும் அக்கம்பக்கத்தாரின் அரவணைப்பும் கிடைக்கும் என்கிறார்களே, அது உண்மையா? அப்படியானால் சில குடும்பங்கள் விரைவிலேயே நகரத்துக்குப் புறப்பட்டுவிடுவது ஏன்?

பதில்: அரவணைப்பு கிடைப்பதுண்டு, ஆனால் அது தானாக வாசலுக்கு வந்தால்தான் உண்டு, தேடிப் போக அந்தப் பெண்ணிடம் வண்டி இருப்பதில்லை. பேருந்து அரிதாக ஓடும் ஊரில், வீட்டில் இருக்கும் ஒரே காரைக் கணவர் வேலைக்கு எடுத்துச் சென்ற பிறகு, மொழி வகுப்பும் மருத்துவரும் கடையும் அவருக்கு எட்டாத தொலைவில் நின்றுவிடுகின்றன. ஆஸ்திரேலியாவில் புதிதாக வருவோருக்கான இலவச ஆங்கில வகுப்புக்கு 510 மணி நேரம் என்றிருந்த வரம்பை 2021-இல் நீக்கிவிட்டார்கள். வகுப்பு நேரத்தில் சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. நல்ல திட்டம்தான், ஆனால் வகுப்பு வரை போய்ச் சேர்வது எப்படி? முதல் ஆண்டில் அந்தப் பெண்ணுக்கு ஓட்டுநர் பயிற்சி கொடுப்பதையே முதல் உதவியாக நான் கருதுவேன்.

அடுத்தது மருத்துவரின் அறை. மொழிபெயர்ப்பாளர் கிடைக்காதபோது கணவரையோ பள்ளிக்குச் செல்லும் பிள்ளையையோ உடன் அமர்த்திப் பேசவைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கருவுற்றிருப்பதையும், வழியில் நேர்ந்த கொடுமையையும், வீட்டுக்குள் நடக்கும் அடியையும் மகனை வைத்துக்கொண்டு எந்தத் தாய் சொல்வார்? அதே ஊரில் அவர் மொழி பேசும் இன்னொருவரை அழைத்தாலும் சிக்கல் தீராது; நான்கைந்து குடும்பங்களே உள்ள சமூகத்தில், சொன்னது மாலைக்குள் எல்லோர் காதுக்கும் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. முகம் தெரியாத ஒருவர் தொலைபேசியில் மொழிபெயர்ப்பதே இங்கே பாதுகாப்பானது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஏறத்தாழ 2,000 பேர் வாழும் நில் என்ற சிற்றூரில், வாத்து இறைச்சி ஆலைக்கு ஆள் தேவைப்பட்டதால், பர்மாவிலிருந்து அகதிகளாக வந்த கரேன் இனக் குடும்பங்கள் 2010 முதல் குடியேறத் தொடங்கின. அதற்கு முன்பே அக்குடும்பங்கள் ஊரை வந்து பார்த்தன; ஊர்க்காரர்களுக்கும் வருகிறவர்கள் யார் என்று எடுத்துச் சொல்லப்பட்டது. பின்னர் கரேன் பெண்களின் தையல், நெசவுத் திறனை வைத்துக் கைவினைப் பொருள் செய்யும் சிறு தொழிலும் அங்கே உருவானது. குடும்பம் ஓர் ஊரில் நிலைப்பதற்குக் கணவருக்கு வேலை கிடைத்தால் போதும் என்று எண்ணுகிற திட்டங்கள் கவனிக்கத் தவறுவது பெண்ணுக்கும் அங்கே ஒரு வேலை வேண்டும் என்பதைத்தான். தாய்நாட்டில் ஆசிரியராகவோ செவிலியராகவோ இருந்த பெண்ணுக்குச் சான்றிதழ் ஏற்கப்படாமலும், கூலி வேலைக்குக்கூடப் போக வழியில்லாமலும் நாட்கள் கழியும்போது, நகரத்தில் இருக்கும் உறவினர் ஒருவரின் அழைப்பே வீட்டைக் காலி செய்யப் போதுமானதாகிவிடுகிறது.