கட்டுரைகளைச் சலிப்பது எப்படி? கேள்வி பதில்

குழந்தைகளும் கர்ப்பிணிகளும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அளக்கும் முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தேடி, சலித்து, தொகுப்பது என் வேலை. ராயபுரத்தில்தான் இருக்கிறேன். கேளுங்கள்.

கார்த்திகா, கொருக்குப்பேட்டை: ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்துவிட்டன அக்கா. தலைப்பைப் பார்த்தே கழிக்கலாமா?

கூடாது. சுருக்கத்தையும் படியுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகச் சலிக்க வேண்டும். சந்தேகமா, உள்ளே விடுங்கள். முழுக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தள்ளலாம். அப்போது ஏன் தள்ளினீர்கள் என்று எழுதி வையுங்கள், எத்தனை கட்டுரை வந்தன, எத்தனை ஏன் போயின என்று காட்டும் பிரிஸ்மா 2020 படத்தில் அதைக் காட்ட வேண்டும். தலைப்பில் 'பெரியவர்கள்' என்று இருந்த ஒன்றை நான் தள்ளினேன்; மூன்றாம் அட்டவணையில் 4 வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

செந்தில், வியாசர்பாடி: 'சரிபார்க்கப்பட்ட வினாப்படிவம்' என்று போட்டிருந்தால் எடுத்துக்கொள்ளலாமா?

எதோடு வைத்துச் சரிபார்த்தார்கள்? முதலில் அதைப் பாருங்கள் தம்பி. 'மாதத்தில் எத்தனை முறை' படிவத்தை 'நேற்று என்ன சாப்பிட்டீர்கள்' பதிலோடு ஒப்பிட்டிருப்பார்கள். இரண்டுமே ஞாபகத்தை நம்பியவை, ஒரே தப்பை இரண்டும் செய்யும். தொடர்புக் கெழு, அதாவது இரண்டு அளவும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் எண், உயரமாக இருக்கிறது என்று மயங்காதீர்கள். எல்லோருமே சோற்றை இரண்டு மடங்காகச் சொன்னாலும் கெழு 1தான். பிளாண்ட், ஆல்ட்மன் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் இதை 1986லேயே சொல்லிவிட்டார்கள்.

புரதத்தில் உள்ள நைட்ரஜன் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறும்; அதை அளந்து புரதத்தைச் சரிபார்த்திருந்தால் நல்லதுதான். ஆனால் உள்ளே போன நைட்ரஜனும் வெளியே வருவதும் சமம் என்ற நம்பிக்கையில் நிற்கும் முறை அது. கர்ப்பிணி உடம்பும் வளரும் பிள்ளையும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். கட்டுரை அதற்கு என்ன செய்தது என்று பாருங்கள்.

பிள்ளை விஷயத்தில் பதில் சொல்வது அம்மா. "ரெண்டு கரண்டி சாதம்" என்றார் ஒருவர். கரண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். வந்தது குழம்புக் கரண்டி. அந்தச் சாதத்தில் பாதி பாயில் கிடந்தது, மீதியில் கொஞ்சம் அண்ணன் வாயில்.

மும்தாஜ், தண்டையார்பேட்டை: செயலியே சலித்துக் கொடுத்துவிடாதா?

கட்டுரை சலிக்கும் செயலியான ரேயான் நகல்களைக் காட்டும், வரிசைப்படுத்தித் தரும். முடிவு உங்களுடையது.

பெயர் வேண்டாம், காசிமேடு: கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் மீன் பிரிவில் ஒரு டிக் போடலாமா?

15 முதல் 49 வயதுப் பெண்களுக்கான உணவு வகைக் கணக்கில், அதாவது ஒரு நாளில் எத்தனை வகை உணவு சாப்பிட்டார்கள் என்ற கணக்கில், 10 பிரிவுகள், 5 தொட்டால் போதும். 15 கிராமுக்குக் குறைந்தால் எண்ணுவதில்லை. வாசனைக்குப் போட்ட கருவாடு கணக்கில் விழாது.

மறுபடி காசிமேடு: வாசனைக்கா? எங்கள் வீட்டில் கைநிறைய போடுவோம்!

எத்தனை பேருக்கு?

ஆறு பேருக்கு. ஆனால் கர்ப்பிணிக்குத்தான் பெரிய துண்டு.

அதை எழுதிக்கொள்ளாத வினாப்படிவம் உங்கள் வீட்டை அளக்கவே இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

செந்தில்: மதியம் வஞ்சிரமும் சாப்பிட்டிருந்தால் அக்கா?

அப்புறம் கருவாட்டுச் சண்டையே தேவையில்லை. இறைச்சி, கோழி, மீன் எல்லாம் ஒரே பிரிவு.

விஜி, திருவொற்றியூர்: ஐந்தாம் மாதம், பப்பாளி சாப்பிடலாமா?

உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

ரவி, பெரம்பூர்: செயலியே சலித்துவிடாதா?

மேலே பாருங்கள்.

காசிமேடு: துண்டை எடை போட்டுவிட்டேன். 22 கிராம்.

முள்ளோடா?