கேக் அலங்காரம்: நள்ளிரவு வரை இழுக்காமல்

கேள்வி: மகன் பிறந்தநாளுக்கு ஒரு கிலோ கேக் நானே செய்கிறேன். ஆபீஸ் விட்டு வந்து க்ரீம் பூச ஆரம்பித்தால் நள்ளிரவாகிவிடுகிறது. துகள் ஒட்டுகிறது, பூவெல்லாம் வழிகிறது. சுலப வழி உண்டா?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் செய்வதுதான் சிக்கல். ஸ்பாஞ்சை, அதாவது க்ரீம் பூசாத வெறும் கேக்கை, முதல் நாளே சுட்டு, நன்றாக ஆறியதும் க்ளிங் ஃபிலிமில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த கேக் உதிராமல் வெட்டுப்படும்; துகள் தொல்லை பாதி தீர்ந்தது. உறைந்த விப்பிங் க்ரீமையும் அன்றே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். அவசரத்துக்கு வெந்நீரில் வைத்து உருக்கினால், எவ்வளவு அடித்தாலும் நிற்காது.

அடிக்காத க்ரீம் 350 கிராம் போதும். கிண்ணத்தையும் பீட்டர் கம்பியையும் 15 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, நடுத்தர வேகத்தில் அடியுங்கள். கம்பியைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்க வேண்டும், அங்கேயே நிறுத்துங்கள். பூ பிழியும் பைப்பிங் பையில் அழுத்தும்போது இன்னும் இறுகும். பூ ஓரம் ரவை ரவையாகத் தெரிந்தால், கூடுதலாக அடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

முதலில் மெல்லிய பூச்சு, 20 நிமிடம் ஃப்ரிட்ஜ், பிறகு மேல்பூச்சு. இந்த 20 நிமிடத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பக்கங்களை வழவழப்பாக்க மெனக்கெடவே வேண்டாம். பல்லுள்ள ஸ்கிரேப்பரை ஒரு சுற்று ஓட்டினால் வரிகளே மேடுபள்ளத்தை மறைத்துவிடும். ஜெல் கலரே நல்லது, தண்ணீர்க் கலர் க்ரீமை இளக்கும்.

பையை உயரமான டம்ளரில் நிறுத்தி, விளிம்பை வெளியே மடித்துவிட்டு நிரப்புங்கள். உங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒரு தடவைக்குப் பாதிப் பைதான். பூவை வழியவைப்பதில் உள்ளங்கைச் சூட்டுக்கும் பங்குண்டு.