ஆழியாறு முதல் வால்பாறை வரை

கேள்வி: சாலை சைக்கிளில் தினமும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பழகிய நான், வயல்வெளியும் காடும் கலந்த ஒரு நீண்ட பாதையில் செல்ல விரும்புகிறேன். எதைப் பரிந்துரைப்பீர்கள்?
– வாசகர், ஈரோடு

பதில்: பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை செல்லும் 64 கிலோமீட்டர் சாலையையே முதலில் சொல்வேன். ஆழியாறு வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே செல்லும் சாலையில் உடலைச் சூடேற்றிக்கொள்ளலாம். அணையைக் கடந்ததும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஊடாக 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. ஒன்பதாம் வளைவில் நின்று, கீழே விரியும் நீர்த்தேக்கத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். அப்பகுதிப் பாறைகளில் வரையாடுகளையும் காணலாம். அவற்றுக்குத் தீனி கொடுப்பது அவற்றைச் சாலைக்கு இழுத்து வண்டிகளுக்குப் பலியாக்கும் செயல் என்பதால், அருள்கூர்ந்து அதைச் செய்யாதீர்கள்.

பின்சக்கரத்தில் 32 பற்களாவது உள்ள பெரிய பல்சக்கரம் இருந்தால் முழங்கால் தப்பும். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக் பிடியைத் தளர்த்துங்கள். யானைகள் நடமாடும் காடு இது. விடிந்தபின் புறப்பட்டு, பொழுது சாயுமுன் வால்பாறையை அடைந்துவிடுங்கள். சோதனைச் சாவடியில் அன்றைய நிலவரத்தைக் கேட்டறிவதும் அவசியம்.