கிறிஸ்தவப் பல்கலையில் வரலாறும் அரசாங்கமும்: கேட்டவர்களுக்குப் பதில்

அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் வரலாறும் அரசாங்கமும் படித்தேன். இப்போது அதே துறையில் பாடம் எடுக்கிறேன். இதுவரை வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, அங்கே வரலாறு என்றால் பைபிள் வரலாறு மட்டும்தானா?

இல்லைம்மா. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு பற்றிய தாள்கள் பல இடங்களில் கட்டாயம்தான். ஆனால் அவை எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொது. துறைப் பாடங்கள் ரோம், சீர்திருத்த இயக்கம், அமெரிக்கப் புரட்சி, உள்நாட்டுப் போர், அரசியலமைப்புச் சட்டம் என்று வழக்கமானவையே. எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம். 410இல் ரோம் சூறையாடப்பட்டபோது, கிறிஸ்தவத்தால்தான் பேரரசு கெட்டது என்று பலர் பழித்தார்கள். அதற்குப் பதிலாக ஆயரும் இறையியலாளருமான அகஸ்டின் எழுதியதுதான் ‘கடவுளின் நகரம்’. ஓர் அரசிடம் மனிதன் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? என் அரசியல் சிந்தனை வகுப்பு அங்கேதான் தொடங்கும்.

அமெரிக்கா கிறிஸ்தவ நாடாகவே உருவானது என்று சொல்லிக் கொடுப்பார்களாமே?

அப்படிச் சொல்லிக் கொடுக்கும் இடங்கள் உண்டு. நான் சொல்வதில்லை, ஆவணங்கள் அவ்வளவு சுலபமாக வளைந்து கொடுக்காது. ஜான் விதர்ஸ்பூன், பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவின் போதகர். 1776இல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஊழியத்தில் இருந்த ஒரே போதகர் அவர்தான். இன்றைய பிரின்ஸ்டனுக்கு அவர் தலைவராக இருந்தபோது, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜேம்ஸ் மாடிசன் அங்கே மாணவர். 1771இல் பட்டம் வாங்கிய பிறகும் அவரிடம் எபிரேயம் படிக்கத் தங்கியவர். அதே மாடிசன் முன்னின்று வடித்த அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, அரசுப் பதவிக்கு மதச் சோதனையே கூடாது என்கிறது. 1802இல் அதிபர் ஜெபர்சன் சபைக்கும் அரசுக்கும் நடுவே பிரிக்கும் ‘மதில்’ என்று எழுதினாரே, அந்தக் கடிதம் போனது யாருக்கு? கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரியில் இருந்த பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு. அரசு ஆதரித்த வேறொரு சபையின் கீழ் சிறுபான்மையாக வாழ்ந்த விசுவாசிகள் அவர்கள். மதில் அவர்களுக்குக் காவலாக இருந்தது. இதைப் படிக்கும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சபைகளே அடிமை முறைக்குத் துணை போனதை மறைத்துவிடுவார்களா?

மறைக்கும் துறை வரலாற்றுத் துறையே அல்ல. 1838இல் மேரிலாந்தின் ஜெசுவிட் (இயேசு சபை) துறவிகள், கடனில் இருந்த ஜார்ஜ்டவுன் கல்லூரிக்காக தங்களிடம் அடிமைகளாக இருந்த 272 பேரை லூசியானாவுக்கு விற்றார்கள். விலை 1,15,000 டாலர். விற்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலை அச்செடுத்து ஆளுக்கொரு தாள் கொடுத்து, வாய்விட்டு வாசிக்கச் சொல்வேன். முதல் பெயர் ஐசக், வயது 65. பிறகு பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கைக்குழந்தைகள். ஒரு வருடம் ஒரு மாணவி பாதியில் குரல் உடைந்து நிறுத்திவிட்டாள். பக்கத்தில் இருந்த பையன் அவள் விட்ட பெயரிலிருந்து வாசிக்க ஆரம்பித்தான். அன்று நான் விரிவுரையே நடத்தவில்லை.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். 1860இல் வீட்டன் என்ற கிறிஸ்தவக் கல்லூரியின் முதல் தலைவரான ஜோனதன் பிளாஞ்சர்ட் அடிமை ஒழிப்புக்காகப் போராடிய போதகர். ஒரே பைபிளை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் எப்படி வாதாடின என்பதை இந்தப் பாடத்தில் தப்பிக்காமல் பார்த்தாக வேண்டும்.

நான் இந்து. சேர முடியுமா?

பல இடங்களில் முடியும். நோட்டர்டேம், ஜார்ஜ்டவுன் போன்ற கத்தோலிக்கப் பல்கலைகளில் எல்லா மதத்தவரும் படிக்கிறார்கள். சில எவாஞ்சலிக்கல் (நற்செய்தி இயக்கப் புராட்டஸ்டன்ட்) பல்கலைகள் மாணவர்களிடமும் விசுவாச அறிக்கையில் கையெழுத்து கேட்கும். சில இடங்களில் ஆசிரியர்களுக்கு மட்டும்தான் அது. சாப்பல் ஆராதனைக்கு வருகைப்பதிவு எடுக்கும் இடங்களும் உண்டு. நம்பாததை நம்புவதாகக் கையெழுத்துப் போடாதே, தம்பி. நான்கு வருடம் அது மனசை அரித்துக்கொண்டே இருக்கும்.

மகளை அனுப்ப யோசிக்கிறேன். வேலை கிடைக்குமா, மேடம்?

மறைக்காமல் சொல்கிறேன், ஐயா. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்து முடித்தபின் வேலைப் பயிற்சிக்கு 12 மாதம் அனுமதி உண்டு. அறிவியல், பொறியியல் பட்டதாரிகளுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு வரலாற்றுக்குக் கிடையாது. அமெரிக்க மத்திய அரசு வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கே. சட்டம் படிக்க ஆசை என்றால் நல்ல அடித்தளம் இது. அங்கே சட்டக் கல்லூரிக்கு இந்தப் பட்டம்தான் வேண்டும் என்ற விதி இல்லை. முக்கியமாக, பல்கலைக்கு முறையான அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மதப் பெயர் அதற்கு ஈடாகாது.

ஒரு துறை நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அமெரிக்க வரலாற்றுத் தாளின் வாசிப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கு. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாறு இருக்கிறதா பார்; கிறிஸ்துவின் மார்க்கம் வேறு, அடிமை வைத்திருப்பவர்களின் மார்க்கம் வேறு என்று அவர் பிரித்துப் பேசும் பின்னிணைப்பும் சேர்ந்திருக்க வேண்டும். 1963இல் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மதகுருக்களுக்கு எழுதிய கடிதம் இருக்கிறதா பார். பட்டியலைத் தரவே மறுத்தால், அங்கே விண்ணப்பக் கட்டணம் கட்டாதே.